வெளிவிடும் மூச்சிலும் ஓர் உயிர்



2024 மே 6 அன்று நம் மாவட்டத்தின் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கடலோரத்தில் வாழும் நாம் ஒரு விஷயத்தைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

நாம் உள்ளிழுக்கும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். வெளிவிடும் காற்றில் சுமார் 16 சதவீதம். கரியமில வாயுவோ 0.04 சதவீதத்திலிருந்து சுமார் 4 சதவீதமாகக் கூடிவிடுகிறது. அப்படியென்றால் விட்ட மூச்சு வெறும் கழிவா? இல்லை. ஆக்சிஜனில் கால்வாசியைத்தான் உடல் எடுத்துக்கொள்கிறது. முக்கால்வாசி திரும்பி வந்துவிடுகிறது. மூச்சு நின்றவருக்கு அதுவே போதும்.

நீரில் மூழ்கியவரைக் கரை சேர்த்ததும் அவர் உணர்வின்றி, மூச்சின்றிக் கிடந்தால், 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதில் நேரத்தை வீணாக்காதீர்கள். தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து, மார்பு உயரும்படி இருமுறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 முறை அழுத்தி, மீண்டும் இருமுறை ஊதுங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

சகோதரர்களே! நாம் விட்டுவிடும் மூச்சிலும் இன்னொருவருக்குப் பங்கு வைத்திருக்கிறான் அல்லாஹ். அதைக் கொடுக்கும் முறையை முறையாகப் பயின்றுகொள்வோம். நம் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுப்போம்.