முயல் காட்டும் மூலை

1. புனேக்கு வந்த கையோடு இரண்டு முயல் குட்டி வாங்கிவிட்டாயாமே, கண்ணு! கழிவு டிரேயை எங்கே வைக்கலாம் என்று நீ முடிவு செய்யாதே. எந்த மூலையில் போகின்றன என்று இரண்டு நாள் பார், அங்கே வை. கோத்ரூட் வீட்டில் நான் பால்கனி என்றேன், முயல் சோபாவுக்குப் பின்னால் என்றது. ஒரு மாதம் தரை துடைத்த பிறகு நான்தான் இறங்கிவந்தேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவரையும் நாலுகால் முயல் ஜெயித்துவிடும்.

2. முயல் தின்றுகொண்டே புழுக்கை போடும். அதனால் உலர்ந்த புல்லை டிரேக்குள்ளேயே ஒரு பக்கம் குவித்து வை. அது உட்கார்ந்து திரும்புகிற அளவுக்கு அகலமான தொட்டி, அடியில் பழைய 'சகாள்' பேப்பர், போதும். கட்டியாகும் பூனை மணல் வேண்டாம், வயிற்றுக்குள் போனால் குடலை அடைக்கும். கம்பி வலையும் வேண்டாம். நாய்க்கு இருக்கும் மெத்தைப் பாதம் முயலுக்குக் கிடையாது, குதிகால் புண்ணாகும்.

3. நனைந்ததைத் தினமும் எடு, வாரம் ஒருமுறை கழுவு. வெள்ளையாகப் படிவது சுண்ணாம்பு. சுரண்டாமல் வினிகர் ஊற்றி அரைமணி விடு, தானே இளகும். சுத்தக்காரி என்று பெயர் வாங்க நான் பினாயில் போட்டுத் தேய்த்தேன். தன் வாசனை போனதும் முயல் மெத்தைக்குப் போனது. கழுவிய டிரேயில் பத்துப் புழுக்கையைத் திரும்பப் போடு. மிச்சத்தைத் துளசித் தொட்டிக்குப் போடலாம், மக்க வைக்க வேண்டியதில்லை. ஈரத்தாளைச் சுருட்டிக் கட்டிக் கொடு. காலையில் குப்பை எடுக்க வரும் 'ஸ்வச்' கூட்டுறவு அக்காவும் கையால்தான் வாங்குகிறாள்.

4. இங்கே லசூண் காஸ் என்று விற்பது நம் குதிரை மசால். குட்டிக்குச் சரி. வளர்ந்ததற்குத் தினமும் போட்டால் மூத்திரம் மாவு கரைத்த மாதிரி வரும்.

5. வயதுக்கு வந்ததும் சுவரில் பீய்ச்சினால் அடிக்காதே. கருத்தடை ஆபரேஷனுக்குப் பிறகு பெரும்பாலும் அடங்கிவிடும்.

6. அள்ளும்போது பார். ஆரஞ்சு நிற மூத்திரம் பல நேரம் தின்ற கீரையின் வேலை. திராட்சைக் கொத்து மாதிரி மெத்தென்று கிடந்தால் வயிற்றுப்போக்கு என்று பதறாதே, அது முயல் திரும்பத் தின்னும் உணவு. அரை நாள் புழுக்கையே இல்லையென்றால் மட்டும் ஆட்டோ பிடி. ஒரு நாள் டிரே காலியாக இருந்தது, வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். சாயங்காலம் அது புல்லை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினேன். "கடைசியாக எப்போது போட்டது?" என்றார் டாக்டர். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.