செயின்சோ வாங்குமுன் ஒரு நூலை எடுங்கள்
பேலியகொடை, களனி, கொழும்பு வடக்கு வாசகர்களுக்குத் தென்மேல் பருவமழைக்கு முந்திய ஆலோசனை

சித்திரைப் பலகாரம் முடிந்தது. பின்னேரத்து இடிமுழக்கம் தொடங்கிவிட்டது. மே கடைசிக்குள் தென்மேல் பருவக்காற்று வந்துவிடும். மாமரத்துக் கிளை கூரைச் சீற்றில் உரசும் சத்தம் கேட்டதும் பலருக்கு ஒரே யோசனைதான் வருகிறது: மலிவாக ஒரு செயின்சோ வாங்கினால் என்ன?

வாங்கலாம். ஆனால் முதலில் மரத்தைப் பாருங்கள், மெஷினைப் பிறகு பார்ப்போம். இந்த வரிசை மாறும்போதுதான் காசும் வீணாகிறது, கையும் காயப்படுகிறது.

இந்தக் கிழமை: வளவைச் சுற்றி வாருங்கள்

பேலியகொடையில் பல வளவுகள் ஒருகாலத்தில் வயலாகவும் சதுப்பாகவும் இருந்து மண் நிரப்பப்பட்டவை. இப்படிப்பட்ட நிலத்தில் தண்ணீர் மேலாகவே நிற்பதால் வேர் ஆழம் போகாது. மழையில் ஊறிய மண்ணில் காற்று தள்ளினால் கிளை முறிவதற்கு முன் மரமே வேரோடு சாயும். ஆகவே கிளையை மட்டும் பார்க்காமல் அடியையும் பாருங்கள். மரத்தைச் சுற்றி மண் வெடித்திருக்கிறதா? போன வருடம் நேராக நின்ற மரம் இப்போது சாய்ந்திருக்கிறதா? அடியில் காளான் முளைத்திருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த மரத்தில் நீங்கள் கை வைக்க வேண்டாம், மரம் வெட்டும் தொழில்காரரைக் கூப்பிடுங்கள்.

மற்றக் கிளைகளுக்கு ஒரு நூல் போதும். வெட்ட வேண்டிய இடத்தில் கிளையைச் சுற்றி நூலைக் கட்டி அளந்து, வந்த அளவை மூன்றால் வகுத்தால் கிளையின் தடிப்பு ஏறத்தாழக் கிடைக்கும். 18 அங்குலச் சுற்றளவு என்றால் தடிப்பு 6 அங்குலம். எல்லாக் கிளைக்கும் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். கடைக்குப் போகும்போது அந்தத் தாள் சட்டைப்பையில் இருக்கட்டும்.

அதே தாளில் இன்னொரு குறிப்பும் தேவை: தரையில் நின்றபடி, உங்கள் தோள் உயரத்துக்குக் கீழே எட்டும் கிளைகள் எவை? உங்கள் செயின்சோவுக்கு உரிய வேலை அவை மட்டுமே. விழுந்த கிளையைத் தரையில் துண்டு போடுவதும் அதில் சேரும். ஏணியில் ஏறிச் செயின்சோ பிடிப்பது வீட்டுக்காரர் செய்யும் வேலை அல்ல.

எதைத் தொடவே கூடாது

கரண்ட் கம்பிக்குக் கிட்ட உள்ள கிளை எதையும் தொடாதீர்கள். உங்கள் மின்பட்டியலை எடுத்துப் பாருங்கள்: லெக்கோ என்றால் 1910, மின்சார சபை என்றால் 1987. மழை தொடங்கிய பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் அழைப்பார்கள், இப்போதே சொல்லி வையுங்கள்.

வீதியோர மரம் உங்கள் உள்ளூராட்சி சபையின் பொறுப்பு, கொழும்புக்குள் என்றால் மாநகர சபையின் பொறுப்பு. 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி காலை கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த தெனியாய பஸ்ஸின் மேல் வீதியோரப் பெருமரம் ஒன்று விழுந்து ஐந்து பேர் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சாய்ந்த மரம் கண்ணில் பட்டால் படம் எடுத்து, எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

வளவுக்குள் நிற்கும் மரம் உங்களுடையதுதான். ஆனாலும் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதியில்லாமல் வெட்டி வீழ்த்த முடியாது. கிராம அலுவலரிடம் தொடங்கிப் பிரதேச செயலகம் வரை போக வேண்டும். வேறு மரமானாலும் அடியோடு வெட்டுவதற்கு முன்பும், மரத்துண்டை லொறியில் ஏற்றுவதற்கு முன்பும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தாளைப் பார்த்து மெஷினைத் தெரிவு செய்யுங்கள்

செயின்சோவின் வாள் தகடு கிளையின் தடிப்பைவிட இரண்டு அங்குலமாவது நீளமாக இருக்க வேண்டும். உங்கள் தாளில் உள்ள மிகத் தடித்த கிளை 6 அங்குலம் என்றால் 10 அல்லது 12 அங்குலத் தகடு தாராளம். வீட்டுத் தோட்டத்துக்கு 14 அங்குலத்தைத் தாண்டவேண்டிய தேவை மிக அரிது. பழைய சோனகத் தெருக் கடைகளில் 20, 22 அங்குலப் பெற்றோல் மெஷினைக் குறைந்த விலைக்குக் காட்டினால் மயங்காதீர்கள். தகடு நீள நீளப் பாரம் கூடும், துள்ளலும் கூடும்.

மூன்று அங்குலம் வரை: மடக்கு வாளே போதும். வளைந்த பல் கொண்ட நல்ல கைவாள் முருங்கை, கொய்யா, ஜம்புக் கிளைகளை ஒரு நிமிடத்தில் அறுக்கும். 4 அல்லது 6 அங்குலத் தகட்டோடு வரும் பற்றரி மினி செயின்சோவும் இதே வேலையைச் செய்யும். ஆனால் அதன் பெட்டியில் இருக்கும் '48 வோல்ட்', '88 வோல்ட்' எழுத்தை நம்ப வேண்டாம். ஒரு லிதியம் செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் தரும். 88 வோல்ட் வேண்டுமென்றால் இருபத்தொரு செல்லை வரிசையாக இணைக்க வேண்டும். உள்ளங்கை அகலப் பற்றரிக்குள் இருப்பது பெரும்பாலும் ஐந்து செல்லும் 21 வோல்ட்டும்தான். இவ்வகை மெஷின்கள் பலவற்றில் சங்கிலிப் பிறேக் கிடையாது, ஒயிலையும் கையால்தான் விட வேண்டும்.

மூன்று முதல் பத்து அங்குலம் வரை, வீட்டுக்கு அருகில்: வயரோடு வரும் மின்சார செயின்சோ. குறைந்த செலவில் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை மட்டும் வேலை இருப்பவர்களுக்கு எங்கள் முதல் தெரிவு இதுவே. கலப்பு எண்ணெய் இல்லை, கார்புறேற்றர் அடைப்பில்லை, ஆறு மாதம் கிடந்தாலும் பொத்தானை அழுத்தினால் ஓடும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. 2000 வோட் மெஷின் நமது 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும். பழைய வீடுகளில் உள்ள சிறிய உருண்டைக் கால் 5 அம்பியர் பிளக் அதைத் தாங்காது. 13 அம்பியர் பிளக்கில் மாட்டுங்கள். நீட்டிப்பு வயரும் தடிப்பாக இருக்க வேண்டும்: 1.5 சதுர மில்லிமீற்றருக்குக் குறைவானது வேண்டாம், முப்பது மீற்றர் தூரமென்றால் 2.5 எடுங்கள். தொடங்கும் முன் டிரிப் ஸ்விட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தி அது விழுகிறதா என்று பாருங்கள். ஈரத்தில் வேலை செய்யவே வேண்டாம்.

அதே தடிப்பு, ஆனால் வயர் எட்டாத இடம்: 36 அல்லது 40 வோல்ட் பற்றரி மெஷின். அதே பற்றரியில் ஓடும் புல்வெட்டியோ டிரில்லோ வீட்டில் ஏற்கெனவே இருந்தால் மட்டும் இது சிக்கனம். பல கடைகளில் மெஷினின் விலை வேறு, பற்றரியும் சார்ஜரும் வேறு. மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பெற்றோல் மெஷின்: பெரிய வளவு, தொலைவான தோட்டம், மாதாமாதம் வேலை என்றால் மட்டும். பலவற்றின் பாரம் தகடு இல்லாமலே ஐந்து கிலோவைத் தாண்டும். பெற்றோலில் இரண்டு-ஸ்ட்ரோக் ஒயிலைச் சரியான அளவில் கலக்க வேண்டும்: 50க்கு 1 என்றால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், 25க்கு 1 என்றால் 40. எந்த விகிதம் என்பதை மெஷினோடு வரும் கையேடு சொல்லும், கடைக்காரரின் ஞாபகத்தை நம்ப வேண்டாம். கலந்த பெற்றோலை மாதக்கணக்கில் தாங்கிக்குள் விட்டால் பசையாகிவிடும். 'புதிதாய் வாங்கியது, ஸ்டார்ட் ஆகுதில்லை' என்ற புலம்பலில் பாதிக்குக் காரணம் இதுதான்.

மலிவில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை

கடையில் நின்றபடியே இவற்றைப் பாருங்கள்.

ஒன்று, முன்கைக் காப்பைத் தள்ளினால் சங்கிலி பூட்டிக்கொள்ளும் பிறேக். அது இல்லாத பெரிய மெஷினை இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

இரண்டு, பின்பிடியில் விசைப் பூட்டு. இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தாமல் ஓடக் கூடாது.

மூன்று, மாற்றுச் சங்கிலி இதே ஊரில் கிடைக்குமா? தகட்டில் பொறித்திருக்கும் சங்கிலி அளவை எழுதிக்கொண்டு வேறொரு கடையில் கேட்டுப் பாருங்கள். அங்கும் கிடைத்தால் வாங்குங்கள். சங்கிலி கிடைக்காத மெஷின் ஒரு மழைக்காலத்தோடு பழைய இரும்பு.

நான்கு, மொத்தச் செலவு. மாற்றுச் சங்கிலி ஒன்று, உருண்டை அரம், சங்கிலி ஒயில், கண்ணாடி, காதடைப்பு, கையுறை, முன்னால் இரும்பு வைத்த சப்பாத்து எல்லாம் சேர்த்துத்தான் விலை. இவற்றுக்குக் காசு மிஞ்சவில்லை என்றால் சிறிய மெஷினுக்கு இறங்குங்கள். வாகனத்தில் இருந்து வடித்த பழைய எஞ்சின் ஒயிலைச் சங்கிலிக்கு விடாதீர்கள், அதிலுள்ள கசடு ஒயில் பம்பை அடைக்கும்.

பொலிஸ் பதிவு

நம் நாட்டில் செயின்சோ சாதாரணத் தோட்டக் கருவி அல்ல. காடழிப்பைத் தடுக்கவென்று 2019இல் அரசாங்கம் செயின்சோக்களைப் பொலிஸில் பதியச் சொன்னது, இறக்குமதியையும் கட்டுப்படுத்தியது. ஆகவே காசு கொடுக்குமுன் உங்கள் பொலிஸ் நிலையத்துக்குப் போய், வாங்கப் போகும் வகையைச் சொல்லிப் பதிவு நடைமுறையைக் கேளுங்கள். கரண்ட், பற்றரி மெஷின் என்றாலும் கேளுங்கள். கடையில் பெயரும் தொடரிலக்கமும் எழுதிய பில் வாங்குங்கள். பில் தராத, இலக்கம் சுரண்டப்பட்ட பழைய மெஷின் எவ்வளவு மலிவானாலும் உங்களுக்கு வேண்டாம்.

வெட்டும் நாள்

காலையில் தொடங்குங்கள், பின்னேரம் இடி வரும். கிளையில் முசுறுக் கூடோ குளவிக் கூடோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தனியாக வெட்ட வேண்டாம், வீட்டில் ஒருவர் எட்ட நின்று பார்க்கட்டும். 1990 அம்புலன்ஸ் இலக்கம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தகட்டு நுனியின் மேற்பாதி மரத்தில் பட்டால் மெஷின் உங்கள் முகத்தை நோக்கித் துள்ளும். நுனியால் குத்தாதீர்கள். இடதுகைப் பெருவிரல் முன்பிடியைச் சுற்றிப் பிடித்திருக்கட்டும். தடித்த கிளையை மூன்று வெட்டாக இறக்குங்கள்: முதலில் கீழிருந்து கால்வாசி, பிறகு சற்று வெளியே தள்ளி மேலிருந்து முழுவதும், கடைசியில் மீந்த குற்றி. ஒரே வெட்டில் இறக்கினால் பட்டை அடிமரம் வரை உரிந்துவிடும்.

தூளைக் கவனியுங்கள். சீவலாக விழுந்தால் சங்கிலி கூர், மாவாக விழுந்தால் மொட்டை. மொட்டைச் சங்கிலியை அழுத்தி வெட்டுவதில்தான் விபத்து வரும். இன்றைய சங்கிலிப் பல்லின் வடிவம் ஜோசப் கொக்ஸ் என்ற அமெரிக்க மரவெட்டி 1940களில், மரத்தைக் குடையும் வண்டுப் புழு தன் தாடையை இடமும் வலமும் அசைப்பதைப் பார்த்து உருவாக்கியது. பற்கள் இடம், வலம் என்று மாறி மாறி நிற்பது அதனால்தான். அரம் போடும்போது இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை இழுங்கள், இல்லாவிட்டால் வெட்டு கோணலாகப் போகும். தென்னங்குற்றி வெளிப்புறம் இரும்பு மாதிரி. அதை வெட்டினால் சங்கிலி சீக்கிரம் மழுங்கும், நாரும் சிக்கும். அதைக் கூலிக்காரரிடம் விடுங்கள்.

மழை தொடங்கிய பின்

மெஷினை நிலத்தில் வைக்காதீர்கள். 2016 மேயிலும் 2025 நவம்பர் டிட்வா புயலிலும் களனி கங்கை கரையோர வீடுகளுக்குள் எந்த உயரத்துக்கு ஏறியது என்று உங்கள் சுவருக்குத் தெரியும். அந்தக் கறைக்கு மேலே ஆணி அடித்துத் தொங்கவிடுங்கள். வெள்ளத்தில் நனைந்த மின்சார மெஷினைக் காயவைத்து ஓட்டிப் பார்க்க வேண்டாம். காற்றில் விழுந்த மரம் வில்லாக வளைந்து விறைத்து நிற்கும். அதில் வாள் வைத்ததும் சுழன்று அடிக்கும். அவசரம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள்.

இனி அந்தத் தாளைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். உள்ளூராட்சி சபைக்கு உரியது, மின்காரருக்கு உரியது, மரமேறிக்கு உரியது என்று ஒவ்வொன்றாக வெட்டிவிட்டால் உங்களுக்கென்று மிஞ்சுவது எத்தனை கிளை? இரண்டோ மூன்றோ, அதுவும் மணிக்கட்டுத் தடிப்பில் என்றால் கைவாளோடு வீட்டுக்குத் திரும்புங்கள். மிச்சக் காசு கூரைச் சீற்றுக்கு உதவும்.