நம்பிக்கைகளும் உண்மைகளும்: ஊசி பெண்ணிடம், ஸ்பேனர் யாரிடம்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து கவுன்சலிங் தொடங்கும்வரை ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வீடுகளில் ஒரே பேச்சுதான். மகளின் கட் ஆஃப் நன்றாக இருக்கும். பெரியப்பா வருவார், டீ குடிப்பார், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குப்பா இன்ஜினியரிங்? பி.எஸ்சி., பி.எட். படிக்க வையி" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போவார். அவர் கெட்டவரில்லை, அந்தப் பெண்ணின் மேல் பாசம் உள்ளவர்தான். அவர் நம்பிக்கொண்டிருப்பவற்றில் பாதி தப்பு, அவ்வளவுதான்.

"மெஷின் வேலை பெண்களுக்கு ஒத்து வராது."

இதை ஆம்பூரில் உட்கார்ந்து சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். காலையில் கிராமம் கிராமமாகப் போய் ஷூ கம்பெனி வேன்கள் யாரை ஏற்றிக்கொண்டு வருகின்றன? ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கும் பகுதிக்குள் நுழைந்தால் வரிசை வரிசையாகப் பெண்கள். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். அதில் இந்தத் தோல் வட்டாரத்துக்கும் பங்கு உண்டு.

ஸ்கைவிங் மெஷினைக் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பாருங்கள். மடித்துத் தைக்க வேண்டிய தோலின் ஓரத்தை மட்டும் சீவி மெல்லிசாக்குகிற மெஷின் அது. சீவல் அரை மில்லிமீட்டர் கூடினால் மடிப்பில் தோல் கிழியும், குறைந்தால் தையல் புடைத்துக்கொண்டு நிற்கும். கத்தி மழுங்கிவிட்டதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடும் பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் மெஷின் நின்றுபோனால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும், வருகிறவர் பெரும்பாலும் ஆண். லைனில் எத்தனை பேர், யாருக்கு எந்த வேலை, மணிக்கு எத்தனை ஜோடி என்று கணக்குப் போடும் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர் நாற்காலியிலும் அநேகமாக ஆண்தான். ஆக, பெரியப்பாவுக்கு மெஷின் பிரச்சினையில்லை. மெஷினைத் திறப்பதும் லைனுக்கு உத்தரவு போடுவதும் யார் என்பதுதான் உறுத்துகிறது.

"டாக்டர்னா சரி. இன்ஜினியர் நம்ம பழக்கமில்லை."

டாக்டரும் ஒரு காலத்தில் நம் பழக்கமில்லைதான். 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்தார்கள். ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று வீட்டார் மறுத்துவிட்டார்கள். அதைப் பார்த்துத்தான் அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பினார் ஐடா ஸ்கடர். 1918-இல் வேலூரில் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். இன்றைய சி.எம்.சி. கல்லூரியின் தொடக்கம் அதுதான். ஆண் மாணவர்களை அங்கே சேர்த்ததே 1947-இல்தான்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெண் டாக்டரை ஊர் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் கட்டுப்பாடு தளர்ந்தது அல்ல, கட்டுப்பாடே அப்படி ஒருத்தியைக் கேட்டது. பெண்ணைப் பெண்தான் பார்க்க வேண்டும் என்றால், பார்ப்பதற்கு ஒரு பெண் படித்தாக வேண்டும். இன்ஜினியரிங்குக்கு அப்படி ஒரு சாக்கு கிடைக்கவில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான பெண்கள் நாள் முழுக்க உட்கார்ந்து தைக்கும் ஹாலுக்கு அதே நியாயம் பொருந்தாதா? மேற்பார்வைக்கும் மெஷின் பராமரிப்புக்கும் ஆண்தான் வரவேண்டும் என்று எந்தப் பெரியவர் சொல்லிவைத்தார்? மரபு பேசுகிற வீடுகளில் இதைக் கேட்டுப் பார்க்கலாம். பதில் சட்டென்று வராது.

"கல்யாணம் ஆனால் படிப்பு அவ்வளவுதான்."

அ. லலிதாவுக்குக் கல்யாணம் ஆனபோது வயது 15. பதினெட்டில் கணவர் இறந்தார். கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. விதவைக்கு அந்தக் காலத்தில் விதித்திருந்த வாழ்க்கை என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அப்பா சுப்பா ராவ் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியர். பெண்களே இல்லாத அந்தக் கல்லூரியில் முதல்வர் சாக்கோவிடம் பேசி மகளைச் சேர்த்தார். தனியாக ஒரு பெண் இருந்தால் கஷ்டம் என்று பி.கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் இருவரையும் பிறகு சிவில் பிரிவில் சேர்த்தார்கள். 1943-இல் மூவரும் படித்து முடித்தார்கள். லலிதா எலக்ட்ரிக்கல். கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் (ஏ.இ.ஐ.) கம்பெனியில் வேலை செய்தார், பக்ரா நங்கல் அணையின் மின்சாரப் பணிகளில் அவர் கை உண்டு. திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

லலிதாவுக்கு அப்பாவின் சிபாரிசு இருந்தது, மறைக்க வேண்டாம். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும் அப்பா அன்றும் அபூர்வம், இன்றும் பல வீடுகளில் அபூர்வம். எந்தப் பெண்ணின் கதையைத் தோண்டினாலும் அவளுக்காக வாய் திறந்த ஓர் ஆள் அடியில் இருப்பார்.

"முஸ்லிம் வீட்டுப் பெண்கள் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள்."

வெளியூர்க்காரர்கள் நம்மைப் பற்றிச் சொல்வது இது, சில சமயம் நம்மவர்களும் சொல்கிறார்கள். செங்கோட்டையில் அரசுப் பள்ளியில் படித்த நிகர் ஷாஜி, திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் முடித்து 1987-இல் இஸ்ரோவில் சேர்ந்தார். 2023 செப்டம்பர் 2-ஆம் தேதி சூரியனை ஆராயக் கிளம்பிய ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் அவர்தான். அந்த விண்கலம் போய் நிற்கும் இடம் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர். அதை விடுங்கள், மேல்விஷாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் பெயரில் பொறியியல் கல்லூரி 1998-லிருந்து நடக்கிறது. அது பஸ் ஏறிப் போகிற தூரம்தான்.

"தோல் தொழிலில் இன்ஜினியருக்கு என்ன வேலை, நாற்றம்தான்."

நாற்றம் உண்டு. ஆனால் 1996 ஆகஸ்ட் 28-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம், சுத்திகரிக்காத டேனரியை மூடு என்று தீர்ப்புச் சொன்ன பிறகு, இங்கே பெரிய வேலையே கழிவுநீரில்தான். குரோமில் பதப்படுத்தும்போது போடுகிற குரோமியத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் தோலில் ஏறும், மிச்சம் தண்ணீரோடு போகும். அதை மெக்னீசியம் ஆக்சைடு போட்டுப் படியவைத்து, அமிலத்தில் கரைத்து, திரும்பவும் தொட்டிக்கு அனுப்பலாம். இதைவிடத் தலைவலி உப்பு. பச்சைத்தோல் அழுகாமலிருக்கப் போட்ட உப்பு, ஆர்.ஓ.வையும் ஆவியாக்கும் கலன்களையும் தாண்டி, கடைசியில் யாருக்கும் வேண்டாத மூட்டைகளாக மிஞ்சுகிறது. பாலாறு இன்னும் தேறவில்லை. கெமிக்கலும் என்விரான்மென்டலும் படித்தவர்களுக்கு இவ்வளவு வேலை வைத்திருக்கிற ஊர் தமிழ்நாட்டில் அதிகமில்லை. லெதர் டெக்னாலஜி பி.டெக். சென்னை ஏ.சி. டெக்கில் இருக்கிறது, அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்திலேயே.

"நைட் ஷிப்ட் பெண்களுக்குச் சட்டப்படி கிடையாது."

பழைய சேதி. தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-ஆவது பிரிவில் இருந்த அந்தத் தடையை சென்னை உயர் நீதிமன்றம் 2000-த்திலேயே நீக்கிவிட்டது. போக்குவரத்தும் பாதுகாப்பும் முதலாளி பொறுப்பு என்று நிபந்தனையும் வைத்தது. வேன் வருமா என்று கேளுங்கள். சட்டத்தைக் காரணம் காட்டாதீர்கள்.

"செலவு தாங்காது."

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவளா? 2021-இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. அரசு உதவி பெறும் பள்ளிக்கு 7.5 சதவீதம் கிடையாது, இதைப் பல பெற்றோர் கவுன்சலிங் அன்றுதான் தெரிந்துகொள்கிறார்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கட்டணச் சலுகைக்கான சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

"பட்டம் வாங்கிவிட்டால் வேலை தானாக வரும்."

இது எதிர்த்தரப்பின் நம்பிக்கை. பெண் படித்தால் போதும் என்று மேடையில் பேசுகிறவர்களுடையது. இதுவும் தப்பு. இந்தியாவில் பி.டெக். படிப்பவர்களில் பத்துக்கு மூன்று பேர் பெண்கள். அமெரிக்காவில்கூட பொறியியல் பட்டம் வாங்குகிறவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் பெண். படிக்கும் இடத்தில் நாம் மோசமில்லை, நழுவுவது அதற்குப் பிறகுதான். ஆஃபர் லெட்டர் சென்னையிலிருந்து வரும், வரன் வாணியம்பாடியிலிருந்து வரும். "மாப்பிள்ளை டிப்ளமோ, பொண்ணு பி.இ.ன்னா சரிப்படுமா?" என்று ஆரம்பித்து, ஆறு மாதத்தில் ஆஃபர் காலாவதியாகிவிடும்.

இதற்கு அறிவுரையைவிடத் தூரக் கணக்குதான் உதவும். ராணிப்பேட்டையில் பெல் (BHEL) ஆலை இருக்கிறது. பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் கார் ஆலைக்கும் தைவானின் ஹாங் ஃபூ காலணி ஆலைக்கும் 2024-இல் அடிக்கல் நாட்டினார்கள். ஹாங் ஃபூவில் மட்டும் 25,000 பேருக்கு வேலை என்று அறிவிப்பு, பெரும்பாலும் பெண்கள். அங்கே தைக்கப் போகிறவர்களுக்கு வேன் தானாக வந்து நிற்கும். ராணிப்பேட்டை, வேலூர் மாவட்டங்களில் இப்போது பி.இ. படித்துக்கொண்டிருக்கும் பெண்கள் கேட்க வேண்டியது அந்த ஆலைகளின் மெயின்டனன்ஸ், இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகளுக்கு ஆள் எடுப்பது எப்போது, ட்ரெய்னிக்கு வேன் உண்டா, ஹாஸ்டல் எங்கே என்பதை. வீட்டில் வரன் பேச்சு எடுப்பதற்கு முன்னால் கேட்டுவிட்டால் நல்லது.