கல்யாண வீடியோவுக்குக் கலர் கிரேடிங்

கீரப்பாளையத்தில் என் அத்தை மகளுக்குக் கல்யாணம். வீடியோவை எடிட் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. சாப்ட்வேர் படித்தவனுக்கு மிக்ஸி ரிப்பேர் உட்பட எல்லாம் தெரியும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. இரவு முழுவதும் உட்கார்ந்து காட்சிகளைப் பளிச்சென்று ஆக்கி, பென் டிரைவில் போட்டு அத்தை வீட்டு டிவியில் ஓடவிட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அத்தை கேட்டார்: "எல்லாம் நல்லாத்தான் இருக்குப்பா. ஆனா மேடையில உக்காந்திருக்கறது யாரு? எம் பொண்ணு கறுப்புல்ல?"

நான் செய்த தவறுகள் இரண்டு. லேப்டாப்பில் நைட் லைட் வசதியை அணைக்க மறந்திருந்தேன். திரை மஞ்சளாகத் தெரிந்ததால் படத்தில் நீலத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். டிவியில் எல்லோரும் வெளிறித் தெரிந்தார்கள். இரண்டாவது தவறு தெரிந்தே செய்தது. மணப்பெண் என்றால் சிவப்பாக இருக்கவேண்டும் என்று யாரும் கேட்காமலே முகத்தை வெளுக்க வைத்தேன். ஆகவே வேலையை மறுபடியும் தொடங்கினேன். அந்த முறையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பிலிம் காலத்தில் இந்த வேலை லேபில் நடந்தது. பிரிண்ட் போடும்போது சிவப்பு, பச்சை, நீல ஒளியின் அளவை ஒவ்வொரு ஷாட்டுக்கும் 1 முதல் 50 வரை உள்ள எண்களால் கூட்டிக் குறைப்பார்கள். 2000-ல் வந்த 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ' என்ற ஹாலிவுட் படத்தில், பச்சைப் பசேல் என்றிருந்த வயல்களைக் கம்ப்யூட்டர் மூலம் காய்ந்த பொன்னிறமாக மாற்றினார் ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ். அப்போதெல்லாம் டாவின்சி கருவியின் விலை லட்சக்கணக்கான டாலர். 2009-ல் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் அதை வாங்கியது. இன்று டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே நம் வேலைக்குத் தாராளம். 16 ஜிபி ராமும் தனி கிராபிக்ஸ் கார்டும் இருந்தால் தடையில்லாமல் ஓடும்.

நைட் லைட்டை அணைத்துவிட்டு ரிசால்வில் கலர் பக்கத்துக்கு வாருங்கள். ஒர்க்ஸ்பேஸ் மெனுவில் வீடியோ ஸ்கோப்ஸைத் திறந்து பரேட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி வரைபடமாக, 0 முதல் 1023 வரை உள்ள அளவுகோலில் தெரியும். கண் ஏமாறும், ஸ்கோப் ஏமாறாது.

கீழே உள்ள சக்கரங்களில் லிப்ட் என்பது இருண்ட பகுதிகளையும், காமா நடுத்தர வெளிச்சத்தையும், கெய்ன் வெளுத்த பகுதிகளையும் முக்கியமாக மாற்றும். முதலில் லிப்டைக் குறைத்து, தலைமுடியின் கருமை 0-க்குச் சற்று மேலே நிற்குமாறு வையுங்கள். பிறகு காட்சியில் வெள்ளைப் பொருள் ஒன்றைத் தேடுங்கள். மாப்பிள்ளையின் பட்டு வேட்டி உதவாது, அது சந்தன நிறம். நீலம் போட்டு வெளுத்த சட்டையும் வேண்டாம். எனக்குச் சமையல்காரர் தோளில் கிடந்த பருத்தித் துண்டு கைகொடுத்தது. டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்த ஷாட்டில் பச்சை மட்டும் மேலே எழும்பி நிற்கும். கெய்ன் சக்கரத்தின் நடுப்புள்ளியை எதிர்ப்பக்கமான மெஜந்தாவை நோக்கி இழுத்து, துண்டு இருக்கும் இடத்தில் மூன்று நிறங்களின் உயரத்தையும் சமமாக்குங்கள்.

இனி முகம். ஸ்கோப்பை வெக்டர்ஸ்கோப்புக்கு மாற்றி, அதன் செட்டிங்கில் ஸ்கின் டோன் இண்டிகேட்டரை டிக் செய்யுங்கள். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே ஒரு கோடு தோன்றும். முகத்தைச் சுற்றி ஒரு விண்டோ போட்டு அந்தப் பகுதியை மட்டும் பார்த்தால், புள்ளிகள் அந்தக் கோட்டை ஒட்டியே விழும். கறுப்பானவரோ சிவப்பானவரோ, எல்லோருக்கும் ஏறக்குறைய அதே கோடுதான். மாறுவது வெளிச்சமும் நிறச்செறிவும். வெளிச்சத்தை வெக்டர்ஸ்கோப் காட்டுவதே இல்லை. ஆகவே நிறத்தைச் சரிசெய்ய முகத்தை வெளுக்க வைக்கத் தேவையே கிடையாது. காமாவை முகத்தின் விவரங்கள் தெரியும் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். கன்னத்து மினுமினுப்பு இருக்கட்டும். கறுப்பு முகத்துக்கு வடிவம் கொடுப்பதே அதுதான்.

நலங்கு ஷாட்களில் மஞ்சள் பூசிய முகம் கோட்டிலிருந்து மஞ்சள் பக்கம் விலகும். அதை இழுத்துப் பிடித்துக் கோட்டில் நிறுத்தினால் மஞ்சள் பூசியதே காணாமல் போய்விடும். அரக்குக் கூரைப்புடவையின் சிவப்பு தாடையில் அடிப்பதும் அப்படித்தான். விட்டுவிடுங்கள்.

ஒரு ஷாட் சரியானதும் ரைட் கிளிக் செய்து கிராப் ஸ்டில் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஷாட்களை அதனோடு ஒப்பிட்டுச் சரிசெய்யலாம். சிவப்பு ஜோடனை பிரேமுக்குள் வந்தாலே கேமராவின் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் தடுமாறும் என்பதால், ஒரே அமைப்பு எல்லா ஷாட்டுக்கும் பொருந்தாது.

இவ்வளவும் முதல் நோடில். ஆல்ட், எஸ் விசைகளைச் சேர்த்து அழுத்தி இரண்டாவது நோடை உருவாக்கி, சினிமாத் தோற்றம் வேண்டுமானால் அதில் செய்யுங்கள். இலவசமாகக் கிடைக்கும் லட் கோப்புகள் பல, லாக் முறையில் எடுத்த வீடியோவுக்கானவை. சாதாரண வீடியோவில் போட்டால் முகம் கருகிவிடும். நம் ஊர்க் கேமராக்கள் பெரும்பாலும் 8 பிட்தான் தருகின்றன. ஒரு நிறத்துக்கு 256 படிகள். அதிகம் இழுத்தால் பந்தல் துணியில் பட்டை பட்டையாகக் கோடு விழும்.

முழு வீடியோவையும் ஏற்றுமதி செய்யும் முன், டெலிவர் பக்கத்தில் தாலி கட்டும் காட்சியில் மட்டும் 20 விநாடியை எடுத்து டிவியிலும் போனிலும் ஓட்டிப் பாருங்கள். இரண்டாம் முறை நான் அதைத்தான் எடுத்துப் போனேன். அத்தை மகள் பார்த்துவிட்டு, "மூக்குத்தி தெரியுது" என்றாள். முதல் தடவை வெளுப்பில் அது மறைந்தே போயிருந்தது.