தசை மெலியும் நோய் குணத்தையும் மாற்றுமா?

கேள்வி: திருக்கடலூரில் கடற்றொழில் செய்த என் கணவருக்குக் கை மெலிந்தது, பேச்சும் குழறியது. மோட்டார் நியூரோன் நோய் என்று கொழும்பில் சொன்னார்கள். இப்போது பிள்ளை அழுதாலும் ஏனென்று கேட்பதில்லை. இனிப்பையே கேட்டு, வாய் கொள்ளாமல் அள்ளிப் போடுகிறார். செத்தவீட்டில் சத்தமாகச் சிரித்தார். வள்ளத்தைப் பாதி விலைக்கு விற்கக் கதைத்துவிட்டார். எங்களை வெறுத்துவிட்டாரா?
- வாசகி, திருகோணமலை

பதில்: இல்லை, சகோதரி. நீங்கள் எழுதிய எல்லாமே அந்த வருத்தத்தின் வேலையாக இருக்கலாம்.

1869இல் பிரெஞ்சு வைத்தியர் ஷார்க்கோ இந்நோயை விவரித்த பின், தசை மட்டுமே தளரும், புத்தி தெளிவாக இருக்கும் என்றே நெடுங்காலம் கற்பித்தார்கள். 2006இல் பெரிய தெளிவு வந்தது: இந்நோயாளரின் நரம்பணுக்களில் திரளும் டிடிபி-43 என்ற புரதமே, முன்மூளை தேயும் ஒருவகை டிமென்ஷியாவிலும் இருந்தது. ஏறக்குறையப் பாதிப் பேருக்குச் சிந்தனையிலோ நடத்தையிலோ ஏதாவது மாற்றம் தெரிகிறது. நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு அது டிமென்ஷியாவாகவே முற்றுகிறது.

பிறர் முகம் பார்த்து மனம் அறிவதும், ஆசையை அடக்குவதும், லாப நட்டம் நிறுப்பதும் முன்மூளையின் பொறுப்பு. ஞாபகம் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. போன வருட மீன் விலையைச் சரியாகச் சொல்பவருக்கு மூளையில் என்ன கோளாறு என்று ஊர் கேட்கும். அதனால்தான் மனைவிமார் தனியே அழுகிறார்கள். எனக்கு இது பெரிய வேதனை.

அடக்க முடியாத சிரிப்பு வேறு விஷயம். அது உள்ளத்து மகிழ்ச்சியால் வருவதல்ல. மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகளால் அது குறையும்.

உடனே கவனிக்க வேண்டியது சாப்பாடு. விழுங்கும் தசை தளர்ந்தவர் வாய் நிறைய அடைத்தால் புரைக்கேறி மூச்சடைக்கும். இனிப்பைக் கண்ணில் படாமல் வையுங்கள். சிறு கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, பக்கத்தில் இருங்கள். வள்ளம் வாங்க வந்தவரிடம் வருத்தத்தை எடுத்துச் சொல்லி நிறுத்துங்கள். இனிக் கையெழுத்து எதுவும் குடும்பத்தார் முன்னிலையில்தான்.

அடுத்த கிளினிக்கில் நரம்பியல் நிபுணரிடம் இந்தக் கடிதத்தையே காட்டுங்கள். சிந்தனையையும் நடத்தையையும் சோதிக்கக் கேளுங்கள். உணவுக் குழாய், மூச்சுக் கருவி பற்றிய அவர் விருப்பத்தையும், அவர் விளங்கிக்கொள்ளும் இந்த நாட்களிலேயே கேட்டுவிடுங்கள்.