புஷ் தேய்ந்தால் பொறுத்திருக்கலாகாது

ஏரியைத் தூர் வாரவும், வாய்க்காலைத் திருத்தவும், மேட்டு நிலத்தைச் சமன் செய்யவும் இன்று நம் ஊர்களில் மண் அள்ளும் யந்திரமே வருகிறது. மக்கள் அதனைப் பொதுவாக ஜேசிபி என்றே வழங்குகின்றனர். பலர் கூடி இத்தகைய யந்திரத்தை வைத்து நடத்தும்போது எஞ்சினையும் டயரையும் எல்லோரும் கவனிக்கிறோம். கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிறு உறுப்பை மறந்துவிடுகிறோம். அதுவே புஷ்.

புஷ் என்பது யாது? மாட்டு வண்டிச் சக்கரத்தின் குடத்தினுள் இரும்புக் குழல் பொருத்துவதை நாம் அறிவோம். அச்சின் உராய்வைக் குழல் ஏற்றுத் தான் தேயும், குடம் பிழைக்கும். அவ்வாறே, யந்திரத்தின் கையும் ‘பக்கெட்’ என்னும் வாளியும் சேரும் மூட்டில் தடித்த எஃகு ஆணி ஒன்று செல்கிறது. அவ்வாணியைச் சுற்றித் துளையில் இறுக்கிய வளையமே புஷ். தேய்வதற்கென்றே அமைந்த உறுப்பு அது.

தேய்வை அறிவது எளிது. வாளியைத் தரைக்குச் சற்று மேலே நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பக்கவாட்டில் நின்று கடப்பாரையால் மெல்ல நெம்பினால் ஆட்டம் தெரியும். வாளியின் கீழே கையோ காலோ செல்லலாகாது. 25 சென்டிமீட்டர் இடைவெளியிலுள்ள இரு புஷ்களிலும் 1 மில்லிமீட்டர் தளர்வு இருப்பின், 1 மீட்டர் தள்ளியுள்ள வாளிப் பல் இருபுறமும் 4 மில்லிமீட்டர் வீதம் அலையும்.

இதனைப் பொறுத்துக்கொண்டு ஓட்டினால் விளைவு யாது? தளர்ந்த புஷ் துளைக்குள்ளேயே சுழலத் தொடங்கும். துளை நீள்வட்டமாகிவிடும். பின்னர் அத்துளையைப் பற்றவைத்து நிரப்பி, மீண்டும் கடைந்து நேராக்க வேண்டும். ஒரு வளையத்தோடு முடிந்திருக்க வேண்டிய செலவு பெருஞ்செலவாகும். மழைக்கு முன் முடிக்க வேண்டிய வேலையும் நின்றுவிடும்.

மாற்றும் முறையை இனிக் காண்போம். வாளியைச் சமதரையில் முழுவதும் இறக்கி, கையைக் கட்டைகளால் தாங்கி, எஞ்சினை அணைத்து, ஹைட்ராலிக் அழுத்தத்தை வெளியேற்றுதல் முதற்கடமை. ஆணியை நேரே சுத்தியலால் அடிக்கலாகாது. கடினமாக்கிய எஃகு தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். இடையே பித்தளைக் கட்டை வைத்து, கண்ணாடி அணிந்து தட்டுக. துளைகள் நேராக உள்ளனவா என்று விரலை விட்டுப் பார்த்தல் பெரும் அபாயம். வாளி சிறிது நகர்ந்தாலும் விரல் துண்டாகும்.

புதிய புஷ்ஷைப் பொருத்துமுன் துளையைத் துடைத்து அளந்து பார்க்க வேண்டும். புஷ்ஷைக் குளிரூட்டினால் அது சுருங்கி எளிதில் நுழையும். 60 மில்லிமீட்டர் எஃகுப் புஷ், உறைபெட்டியில் -18 டிகிரிக்குக் குளிர்ந்தால் ஏறத்தாழ 0.03 மில்லிமீட்டரும், -78 டிகிரி கொண்ட உலர் பனிக்கட்டியில் 0.07 மில்லிமீட்டரும் சுருங்கும். உலர் பனிக்கட்டியைக் கையுறையின்றித் தொடலாகாது. காற்றோட்டமுள்ள இடத்திலேயே கையாள வேண்டும். புஷ்ஷைத் தீயில் காய்ச்சுவதோ தவறு. அதன் கடினம் போய்விடும். புஷ்ஷிலுள்ள கிரீஸ் துளை, வெளியிலுள்ள கிரீஸ் வாயோடு நேர்பட நிற்க வேண்டும். இது பிசகினால் புதிய புஷ்ஷும் வறண்டு விரைவில் அழியும்.

வரி விழுந்த பழைய ஆணியைப் புதிய புஷ்ஷில் இடுதல் சிக்கனம் ஆகாது. அது அரம்போல் புஷ்ஷை அராவிவிடும். தேய்ந்திருப்பின் இரண்டையும் சேர்த்தே மாற்றுக.

வண்டிக்கு மையிட மறவாத நாம் யந்திரத்துக்குக் கிரீஸ் இட மறக்கலாமா? வாயைத் துடைத்து, கையேடு குறிக்கும் கால அளவில், பழைய கிரீஸ் வெளியேறும் வரை செலுத்துக. இட்ட நாளையும் புஷ் மாற்றிய நாளையும் ஒரு பதிவேட்டில் குறித்து வைப்போமாக. பொதுவில் வாங்கிய பொருளை ‘யாரேனும் பார்த்துக்கொள்வர்’ என்று விட்டால் ஒருவரும் பாரார். பதிவேடு இருப்பின், இன்று யார் முறை என்பது எல்லோருக்கும் தெரியும்.