கொக்கிப்புழுவும் வெறுங்காலும்

திருவண்ணாமலையில் கிரிவலம் வருவோர் 14 கிலோமீட்டர் தூரத்தையும் வெறுங்காலுடனே நடப்பர். சுற்றுக் கிராமங்களின் கழனிகளில் உழைப்போர் பாதமும் அவ்வாறே மண்ணில் படிகின்றது. ஆகவே, மண்ணின் சுத்தமே இவ்விருவர்க்கும் காவலாகும்.

சோர்வு, மூச்சிளைப்பு, முகவெளுப்பு என்று வைத்தியசாலைக்கு வருவோரின் மலத்தைப் பரிசோதிக்குங்கால் கொக்கிப்புழுவின் முட்டைகள் காணப்படுவதுண்டு. வெளியிற் கழித்த மலத்திலுள்ள முட்டை, நிழலும் ஈரமுமுள்ள மண்ணில் இரண்டொரு நாளிற் பொரிக்கும். 5 முதல் 10 நாட்களில் அப்புழு பாதத்தின் தோலைத் துளைக்கும் வலிமை பெறும். பின் இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, குடலில் இறங்கி, அங்கே இரத்தத்தை உறிஞ்சி வாழும்.

மருந்து மட்டும் போதுமோ? இலங்கைத் தோட்டங்களில் 1916ஆம் ஆண்டு முதல் ராக்பெல்லர் ஸ்தாபனத்தார் தமிழ்த் தொழிலாளர்க்குப் புழுமருந்து கொடுத்தனர். கக்கூஸ் இல்லாத தோட்டங்களில், குணமடைந்தவரையே நோய் மீண்டும் பற்றியது.

இன்று அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே பெரும்பாலோர்க்குக் குணமளிக்கும். 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் சிறுவர்க்கும் இம்மருந்து வழங்கப்படுகின்றது. எனினும் மாத்திரை குடலைச் சுத்தம் செய்யுமேயன்றி மண்ணைச் சுத்தம் செய்யாது. அதனைச் செய்யவல்லது வீட்டுக்கொரு கக்கூஸும், அதனைத் தவறாது உபயோகிக்கும் பழக்கமுமே.